காணியில் விளைந்த சோறு

என் வயலில் விளைந்த நெல்லை முதல் மூன்று வருடத்தில் நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. இதை எனக்குச் சொன்னவர் அந்த நெல்லை வாங்க வந்த ஜமால்தீன் நானா; நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். சொன்னார் என்பதுகூடச் சரியில்லை, பகிடியாகக் கேட்டார்.

தர்மபுரத்தில் எனக்குக் காணி கிடைத்து அது மூன்றாவது மாசி மாதம். பஸ்களை அரசாங்கம் எடுத்த அடுத்த வருடம், 1959. சூடடித்து முடித்து நெல்லைக் களத்தில் குவித்திருந்தேன். தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்த நானா, ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, மொட்டைக்கறுப்பன் நெல்லின் சிவந்த அரிசியில் நாலைந்தை வாயில் போட்டுக் கடித்தார்.

“தில்லைநாதன் தம்பி, உங்கட நெல்லை நான் ஒருத்தருக்கும் விக்கிறேல்லை, தெரியுமோ? என்ர மனிசி உம்மு ஹானி வீட்டுக்கெண்டு எடுத்து வைச்சிடுவா. என்ர பிள்ளையளின்ர கன்னத்தைப் பாத்தியள் எண்டால் உங்கட வயல் தெரியும்.”

நான் சிரித்தேன். வாயோரத்து வெடிப்பு இழுபட்டு நொந்தது.

“வீட்டுக்கு எத்தினை மூட்டை வைக்கிறியள்?”

“எனக்கொண்டும் வேண்டாம் நானா. கூப்பன் அரிசி இருக்கு.”

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான் அப்போது எலும்பில் சாரம் கட்டிய மாதிரி இருந்திருப்பேன்.

“அல்லாவே! விதைச்சவருக்குக் கப்பலில வந்த அரிசி. வாங்கினவனுக்கு மொட்டைக்கறுப்பன் சோறு. இதென்ன புதினம்!”

வண்டியில் ஏற்றியதில் ஒரு மூட்டையை இறக்கி என் வீட்டு வாசலில் சாத்தினார். “இதை நான் வாங்கமாட்டன். வாங்கினால் எனக்குத்தான் பாவம்” என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார்.

வண்டி போனபின் களத்தில் தனியே இருந்தேன். யாரோடும் அதிகம் கதைக்கிற வழக்கம் எனக்கில்லை. வெறும் களத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க இருக்க என்னால் முடியும். அன்றைக்கு ஒரே ஒரு யோசனைதான் சுற்றிச் சுற்றி வந்தது. இந்தக் காணிக்கு வந்து மூன்று வருடமாகிவிட்டது. காட்டுக் கட்டையைப் பிடுங்கியிருக்கிறேன், வரம்பு கட்டியிருக்கிறேன், மூன்று முறை அறுத்திருக்கிறேன். என் வயிறு மட்டும் இன்னும் மட்டுவிலில் இருக்கிறது.

மட்டுவில், யாழ்ப்பாணத்தில் என் மனைவி பத்மாசனியின் ஊர். அவளும் எங்கள் நாலு வயது மகள் அருந்ததியும் மாமா கனகலிங்கத்தின் வீட்டில் இருந்தார்கள். நான் அரசாங்கம் குடியேற்றிய கொலனி வீட்டில் தனியே இருந்தேன். அந்த வீட்டாருக்கு, தர்மபுரம் இருக்கிற இந்த வன்னி என்றால் காய்ச்சல். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பத்மாசனியின் அண்ணன் இங்கே காடு வெட்ட வந்து, காய்ச்சலோடு வண்டியில் ஏற்றப்பட்டு வீடு சேர்ந்து, பத்தாம் நாள் போய்விட்டார். அவளுக்கு அப்போது பத்து வயது. காய்ச்சலைப் பரப்பும் நுளம்பைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. வன்னிச் சோறும் வன்னித் தண்ணீரும்தான் அவரைக் கொன்றதாக முடிவு கட்டியிருந்தார்கள்.

அதனால் மாதம் இரண்டு முறை முல்லைத்தீவு பஸ்ஸில் எனக்கு ஒரு சாக்குப் பொதி வரும். பனங்கிழங்கைக் காயவைத்துச் செய்த ஒடியல் மா, புழுக்கொடியல், கருவாடு, பருப்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள். சந்தித் தேத்தண்ணிக் கடையில் இறக்கிவிடுவார்கள். எல்லாம் காய்ந்தது, கட்டிவைத்தது. பச்சையாக ஒன்றும் இருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து காணி பெற்று வந்தவர்களில் அரைவாசிப் பேர் இப்படித்தான் சீவித்தோம். வயல் இங்கே, சாப்பாடு அங்கே. விளைந்ததை விற்றுவிட்டு, அரசாங்கம் பங்கிட்டுத் தந்த, வெள்ளையாகத் தீட்டிய கூப்பன் அரிசியை அவித்து, ஊர்ப் பொதியை அவிழ்த்துக் கறி வைத்தோம். இதைக் கெட்டித்தனம் என்றும் நினைத்தோம்.

முப்பத்திரண்டு வயதில் என் பல்முரசில் இரத்தம் கசிந்தது. மண்வெட்டி பட்ட காயம் ஒன்று ஒன்றரை மாதமாகக் காலில் ஆறாமல் இருந்தது. பொழுது பட்டால் கண் மங்கும். வன்னியின் குணம் இது என்று எண்ணி, பொதியில் இன்னும் கொஞ்சம் ஒடியல் மா கேட்டு எழுதினேன்.

நானா சாத்திவிட்டுப் போன மூட்டை, நான் உள்ளே இழுத்துவைத்த மூலையில் அப்படியே இருந்தது. பங்குனியில் எனக்குக் காய்ச்சல் வந்தது.

அதே கிழமை பக்கத்துக் காணி வீரகத்திக்கும் வந்தது. அவன் வன்னியிலேயே பிறந்த நெடுங்கேணிக்காரன். என் வயதுதான். மனைவி இராசமலர், ஐந்து பிள்ளைகள். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மருந்துக்கு நடந்தோம். மருந்துச்சாலையில் வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி இரண்டு பேருக்கும் ஒரே போத்தலிலிருந்து ஒரே குளிசையை எண்ணித் தந்தார். வீரகத்தி நாலாம் நாள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனான். நான் இருபத்தொரு நாள் படுத்தேன்.

இருபத்தொரு நாள் ஒரு மனிதன் பாயில் கிடந்தால் அவனுக்கு ஒரு யன்னல்தான் உலகம். என் யன்னலுக்கு வெளியே வீரகத்தியின் குசினி. காலையில் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், பின்னேரம் இராசமலர் எந்த வேலியில் இலை ஆய்கிறா, பிள்ளைகள் எந்தப் பழத்தைச் சட்டை மடியில் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். காலையில் பழஞ்சோறும் மோரும் வெங்காயமும். மத்தியானம் உரலில் குத்திய சிவப்பரிசிச் சோறு, ஏதாவது ஒரு கீரை, குளத்து மீன். இருட்ட முன்னமே அடுப்பு அணைந்துவிடும். விளக்கும் அணைந்துவிடும். அதே குளம், அதே நுளம்பு, அதே வெயில். என் வீட்டில் மட்டும் இரவில் மூன்று தரம் தேத்தண்ணி கொதிக்கும்.

இரண்டாம் முறை மருந்துக்குப் போனபோது அப்போதிக்கரியிடம் கேட்டேன்.

“ஐயா, அவனுக்கு மட்டும் எப்பிடி மாறினது?”

“குளிசை ஒண்டுதான். காய்ச்சலை அடிக்கிறது குளிசை, ஆளை எழுப்புறது உடம்பு. உம்மட உடம்பில என்ன கிடக்கு எழும்ப?” என்றார் அவர் தலையை நிமிர்த்தாமல். “என்னட்டக் கேக்காதையும். உம்மட அடுப்பைக் கேளும்.”

நான் இன்னும் நடக்கத் தள்ளாடிய நாட்களில்தான் குடியேற்ற அதிகாரி வந்தார். வேலிப் படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, காணிக்குத் தந்த பேமிற் கடுதாசியை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“குடும்பம் எங்க?”

“வருவினம் ஐயா.”

“மூண்டு வருசமா வருகினம். காணி குடும்பத்துக்குத்தான், தனி ஆளுக்கில்லை. காணி கேட்டு அறுபது பேர் எழுதிப்போட்டு நிக்கினம். வாற தைப் பொங்கலுக்கு முன்னம் பெண்சாதி பிள்ளை இந்த வீட்டில இருக்கவேணும். இல்லாட்டில் நான் வேற பேர் எழுதுவன். குறை நினையாதையும்.”

குறை நினைக்க ஒன்றுமில்லை. அவர் சொன்னது நியாயம். ஆனால் பத்மாசனி வருவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. வன்னியில் ஒரு உடம்பு நின்று பிடிக்கும் என்று அவள் கண்ணால் பார்க்கவேண்டும். காட்டுவதற்கு என்னிடம் இருந்தது இந்த உடம்பு ஒன்றுதான்.

அந்தப் பின்னேரம் மூலையில் இருந்த மூட்டையை அவிழ்த்தேன்.

நெல் அவிக்கத் தெரியாமல் முதல் தரம் அடி பிடிக்க விட்டேன். இரண்டாம் தரம் சரியாகக் காயவில்லை. மூன்றாம் தரம் ஒரு உரலும் உலக்கையும் தேடிக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். ஆண்பிள்ளை நெல்லுக் குத்துவதை எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. வீரகத்தி வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்தான்.

“இராசமலர், ஓடி வா! பக்கத்து வீட்டுக்குப் புதுப் பொம்பிளை வந்திருக்கிறா.”

“பேசாமல் போடாப்பா.”

“கோவியாதையும் பிள்ளை. உலக்கையை மேல பிடி. கால் விரல் கவனம். எங்க, ஒரு பாட்டுப் பாடு பாப்பம்.”

இராசமலர் வந்து பார்த்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினா. அடுத்த நாள் ஒரு செம்பு மோர் வந்தது. நான் கேட்கவில்லை.

கீரையிலும் முதலில் பிழை விட்டேன். வேலியில் படர்ந்திருந்த ஏதோ ஒரு கொடியை முசுட்டை என்று நினைத்துச் சுண்டி, வாயில் வைத்ததும் துப்பினேன். பிறகு வீரகத்தியின் இரண்டாவது மகளை முன்னால் நடக்கவிட்டு, அவள் ஆய்கிற இலையை மட்டும் ஆய்ந்தேன். வாய்க்கால் ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கிடந்தன. மூன்று வருடமாக அவற்றை மிதித்துக்கொண்டு வயலுக்குப் போயிருக்கிறேன். கிணற்றடியில் முருங்கைக் கிளையில் வெட்டிய கதியால் இரண்டு நட்டேன். பப்பாசி தானாகவே முளைத்தது. ஆனியில் காட்டில் பாலைப்பழம் பழுத்தபோது வீரகத்தியோடு போய்க் கடகம் நிறையக் கொண்டுவந்தேன். பால் ஒட்டிய உதட்டோடு நான் திரும்பி வந்ததைப் பார்த்து அவன் பிள்ளைகள் கைகொட்டினார்கள்.

பன்றிக் காவலையும் மாற்றினோம். அதுவரை ஒவ்வொரு இரவும் என் வயலில் நானே விழித்திருந்தேன். அவன் அவனுடைய வயலில் விழித்திருந்தான். இனி ஒருநாள் அவன் இரண்டு வயலையும் பார்ப்பான், மறுநாள் நான். ஒன்றுவிட்ட இரவுகளில் நான் மரக்கட்டை போல நித்திரை கொண்டேன். அத்தனை நித்திரை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. நுளம்பு வலை வாங்கினேன். தண்ணீரை மல்லி போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தேன். இது மட்டும் மட்டுவில் வீட்டின் சொல். நல்ல சொல் என்பதால் விடவில்லை.

ஆடியில் பல்முரசிலிருந்து இரத்தம் வருவது நின்றது. காலில் இருந்த காயம் ஒரு நாள் பார்த்தபோது வெள்ளைத் தழும்பாகக் கிடந்தது. ஆவணியில், பொழுது பட்ட பிறகும் வரம்பில் போகிற உடும்பை என் கண் பிடித்தது. இவற்றை யாருக்கும் சொல்லவில்லை. தனியே இருப்பவனுக்கு உடம்புதான் பேச்சுத் துணை. அது ஒவ்வொன்றாகச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்மாசனிக்கு மூன்று வரி எழுதினேன். “இனிப் பொதி அனுப்ப வேண்டாம். இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நல்ல சுகம்.”

எவ்வளவு முட்டாள்தனமான கடிதம் என்று எழுதியபோது விளங்கவில்லை. மாதம் இரண்டு முறை தன் கையால் கட்டிய பொதி வேண்டாம் என்று புருசன் எழுதினால், அதுவும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று எழுதினால், ஒரு பெண் என்ன நினைப்பாள்? பதில் வரவில்லை. பொதியும் வரவில்லை. நானும் போகவில்லை. முற்றாகத் தேறிய உடம்போடு போய் மாமாவின் முன்னால் நிற்கவேண்டும் என்று ஒரு வீம்பு. பிறகு விதைப்பு வந்தது, மழை வந்தது. நாலு மாதம் இரண்டு பக்கமும் ஒரு சொல் இல்லை.

மார்கழி பிறந்து ஆறாம் நாள், மழை விட்ட ஒரு காலை, முற்றத்தில் நெல்லுக் குத்திக்கொண்டிருந்தேன். சோர்ந்த கையோடு உலக்கையைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது படலையில் பத்மாசனி நின்றாள். கையில் குடை, மற்றக் கையில் பெட்டி, தோளில் தொங்கும் பையில் ஒரு சாப்பாட்டு மூட்டையும் இரண்டு போத்தல் தண்ணீரும். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் வீட்டைப் பார்த்தாள்.

“எங்க அவா?”

“ஆர்?”

“உலக்கை போட்டவா. ரோட்டில வரேக்கையே சத்தம் கேட்டது. நான் செவிடில்லை.”

“நான்தான் குத்தினனான்.”

“ஓம். நீங்கள் குத்துவியள். பிறகு தாலாட்டும் பாடுவியள்.”

பெட்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். அறையைப் பார்த்தாள், குசினியைப் பார்த்தாள், வலையைத் தூக்கிப் பார்த்தாள், கிணற்றடிக்கும் போய்ப் பார்த்தாள். வேலிக்கு அப்பால் வீரகத்திக்கு இது நல்ல நேரம்.

“தங்கச்சி, ஒளிச்சு வைக்கிறதுக்கு அங்க இடமில்லை. உரலடியில நிக்கிறவதான் அவா. நாங்களும் முதல்ல பயந்துபோனம்.”

அவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் உலக்கை காய்த்த இடத்தைப் பெருவிரலால் தடவினாள். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“கன்னம் வைச்சிருக்கு” என்றாள், ஏதோ குற்றம் சாட்டுகிற மாதிரி.

மாமாவும் வந்திருந்தார். ஆனால் சந்தியோடு நின்றுவிட்டார். கொலனிக்குள் கால் வைக்கமாட்டேன், நீ போய்ப் பார்த்துக்கொண்டு வா என்று மகளை அனுப்பிவிட்டு, தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தார். பத்மாசனி என்னோடு சந்திக்கு வந்து அவரிடம் சொன்னாள்.

“அப்பா, நான் ஒரு கிழமை நிண்டு பாக்கிறன். இவருக்குக் காய்ச்சல் எண்டால் அண்டைக்கே கூட்டிக்கொண்டு வந்திடுறன்.”

“கொண்டுவந்த தண்ணி காணுமோ?”

“சுருக்கிக் குடிக்கிறன்.”

மாமா பஸ் ஏறும்போது என் தோளைக் கையால் அமத்திப் பார்த்தார். மாட்டை வாங்க முன் அப்படித்தான் பார்ப்பார்கள்.

முதல் மூன்று நாள் அவள் தன் மூட்டையை அவிழ்த்துச் சாப்பிட்டாள். நான் என் சோற்றைச் சாப்பிட்டேன். ஒரே குசினியில் இரண்டு சட்டி. பொங்கலுக்குள் மகளோடு வந்து இங்கே இருக்கவேண்டும் என்று நான் கேட்டபோது அவள் தன் சட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். நானும் திரும்பக் கேட்கவில்லை. மழை பெய்தது. கதை குறைந்த வீடு, மழைக்கு நல்ல வீடு.

நாலாம் நாள் கொலனி முழுவதும் இருமியது. தேத்தண்ணிக் கடைக்காரர் படுத்துவிட்டார். மத்தியானம் வரம்பு கட்டிக்கொண்டிருந்த எனக்கும் முதுகில் குளிர் ஏறியது. வீட்டுக்கு வந்து சுவரோடு இருந்தேன். பத்மாசனி நெற்றியில் கை வைத்தாள். கையை எடுத்த உடனேயே பெட்டியை இழுத்தாள்.

“வெளிக்கிடுங்கோ. மூண்டு மணி பஸ் இருக்கு.”

“இரும்.”

“இருக்கேலாது. அண்ணாவும் இப்பிடித்தான் இரு இரு எண்டு இருந்தவர். இருந்துதான் செத்தவர்.”

“இஞ்ச பாரும்” என்றேன். நான் நிதானமாகவே இருந்தேன். ஒன்பது மாதமாக அந்த உடம்பின் பேச்சைக் கேட்டவன் நான். “மருந்துக்குப் போறன். குளிசை போடுறன். மூண்டு நாள் படுக்கிறன். நாலாம் நாள் காலமை எழும்பாட்டில் நீர் சொல்லுற பஸ்ஸில ஏறுறன். காணியையும் விடுறன். இனி வன்னி எண்டு வாய் திறக்கன்.”

“உண்மையோ?”

“அருந்ததி மேல சத்தியமா.”

“அவளை ஏன் இழுக்கிறியள்” என்றாள். ஆனால் பெட்டியை விட்டுவிட்டாள்.

அப்போதிக்கரி இரத்தம் எடுத்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். “ஊர் முழுக்கச் சுத்துற சளிக் காய்ச்சல்தான். நுளம்புக் காய்ச்சலில்லை. போம், படும்” என்று குளிசை தந்தார். அவரே இருமிக்கொண்டுதான் சொன்னார்.

முதல் நாள் உடம்பு கொதித்தது. எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியே நொந்தது. பத்மாசனி பானையில் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

“என்ன தரலாம்? வெறும் கொத்தமல்லித் தண்ணிதானே?”

“கஞ்சி வையும். என்ர அரிசியில. முருங்கை இலை, உள்ளி, மிளகு. இலை வெளியில நிக்குது.”

“காய்ச்சலுக்குச் சோத்துப் பருக்கை குடுக்கக்கூடாது.”

“பசிக்குது.”

அந்தச் சொல்லில் ஏதோ அவளைத் தாக்கியது. குசினி வாசலில் அப்படியே நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவளிடம் ஒரு கதை மேலே வரப் பாடுபடுவது எனக்குத் தெரிந்தது. அப்படியான நேரத்தில் குறுக்கே பேசக்கூடாது.

“அண்ணா பசிக்குது எண்டவர்” என்றாள் கடைசியில். “ஒவ்வொரு நாளும் கேட்டவர். வன்னிச் சோத்தாலதான் வந்தது, இனிச் சோறே குடுக்கக்கூடாதெண்டு சொல்லிப்போட்டினம். பத்து நாளும் தண்ணி. நான் கதவடியில நிண்டனான். அம்மா, ஒரு வாய் எண்டவர். அம்மா அழுதுகொண்டு நிண்டவா. குடுக்கேல்லை.”

அந்தக் காய்ச்சல் அவரை எப்படியும் கொண்டுபோயிருக்கலாம். அது யாருக்கும் தெரியாது. ஆனால் பதினேழு வருடமாக அந்தக் கதவடியில் நிற்கிற சிறுமியை அன்றுதான் நான் முதல்முறை பார்த்தேன்.

அவள் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். முருங்கைக் கொப்பை வளைக்கிற சத்தம் கேட்டது. அரை மணித்தியாலத்தில் ஒரு கோப்பை கஞ்சியோடு வந்தாள். சிவப்புக் கஞ்சியில் பச்சை இலை மிதந்தது. மிளகு கூடிவிட்டது. நான் முழுவதையும் குடித்தேன். அவள் கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் இருக்கு” என்றாள்.

இரண்டாம் நாள் காய்ச்சல் ஏறி இறங்கியது. பின்னேரம் தேசிக்காயும் தேனும் சுடுதண்ணீரில் கரைத்துத் தந்தாள். தேன் இராசமலர் கொடுத்தது. வேலியில் நின்று இரண்டு பேரும் கதைத்த கதை எனக்குக் கேட்டது.

“அக்கா, உங்கட பிள்ளையளுக்கு வாறேல்லையோ?”

“வராமல்? மாதம் ஒருக்கால் ஒண்டுக்கு மூக்கு ஒழுகும். வரும், போகும். வாறதைத் தடுக்க ஆரால ஏலும் பிள்ளை? வந்தது தங்கப்படாது, அவ்வளவுதான்.”

மூன்றாம் நாள் காலை வேர்த்துக் கொட்டியது. நித்திரை, நித்திரை, நித்திரை. இடையில் விழித்தபோது அவள் சட்டியில் மிச்சக் கஞ்சியைத் தானே குடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததைக் கண்டு, “வீணாப் போகக்கூடாதெண்டுதான்” என்றாள். அவளுடைய மூட்டை அவிழ்க்கப்படாமல் கிடந்தது.

நாலாம் நாள் விடிய எழும்பினேன். கால் என் சொல் கேட்டது. முகம் கழுவி, மோர் விட்ட பழஞ்சோறு ஒரு கோப்பை சாப்பிட்டுவிட்டு, மண்வெட்டியைத் தொடாமல் வெறுங்கையோடு வயலுக்கு நடந்தேன். வரம்பு ஓரிடத்தில் கசிந்தது. நெல் முழங்காலுக்கு நின்றது. வாய்க்காலில் முகம் பார்க்கலாம் போலத் தெளிந்த தண்ணீர் ஓடியது. இருபத்தொரு நாள், மூன்று நாள் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இனியும் காய்ச்சல் வரும். வரட்டும். இந்த உடம்பு இனி இந்த மண்ணில் விளைந்ததால் ஆனது. அதற்கு இங்கே எப்படி எழும்புவது என்று தெரியும்.

திரும்பி வருகையில் படலையில் சைக்கிள் நின்றது. குடியேற்ற அதிகாரி முற்றத்தில் நின்றார், பத்மாசனி குசினி வாசலில். நான் வேலி மறைவில் நின்றேன். ஒளிந்தேன் என்றில்லை. கேட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது.

“தில்லைநாதனுக்குக் கடும் காய்ச்சல் எண்டு சந்தியில சொல்லிச்சினம். ஆளை மட்டுவிலுக்கு ஏத்தியாச்சோ?”

“இல்லை ஐயா. வயலுக்குப் போயிட்டார்.”

“வயலுக்கோ? முந்தநாள்தானே படுத்தார்?”

“மூண்டு நாள் படுத்தவர். இண்டைக்கு எழும்பிட்டார்.”

அதிகாரி கடுதாசியைப் புரட்டினார். “நீங்கள் அவரின்ர பெண்சாதியோ? வந்தது பாக்கிறதுக்கோ, நிக்கிறதுக்கோ? எனக்குத் திட்டமாச் சொல்லவேணும் பிள்ளை. பொங்கலுக்குப் பதினெட்டு நாள்தான் கிடக்கு.”

அவள் திரும்பிக் குசினிக்குள் அடுப்பைப் பார்த்தாள். நான் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சில விநாடிகளில் என் நம்பிக்கை எல்லாம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பு என்னுடையது, அதற்கு நான் பொறுப்பு. இது அவளுடைய வாய்.

“பாக்கத்தான் வந்தனான் ஐயா” என்றாள். “பாத்து முடிஞ்சுது. இனி நிக்கிறதுதான். மகள் வாற வெள்ளிக்கிழமை வருவா. அருந்ததி. பேரை எழுதுங்கோ.”

அவர் எழுதினார். சைக்கிளைத் திருப்பியபோது என்னைக் கண்டு, “நல்லா இருக்கிறீர்” என்றார், சந்தேகத்தோடு.

நான் முற்றத்துக்கு வந்தேன். வாசற்படியில் இருந்தேன். அவளும் வந்து இருந்தாள். வெயில் மெல்ல ஏறியது. வீரகத்தியின் பிள்ளைகள் சிலேற்றுகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ரோட்டால் போனார்கள். அவள் அவர்கள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?”

“ஒண்டரை மைல் இருக்கும். பஸ் இல்லை. நடக்கவேணும்.”

“நடக்கட்டும்” என்றாள். “நடந்தால் வடிவாச் சாப்பிடுவாள்.”